காரின் பேர் போதாது, பல்பைக் கழற்றி எடுத்து வாருங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை தொடங்கப்போகிறது என்றாலே புதுப்பேட்டையில் எங்கள் கடைக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் போன் வர ஆரம்பித்துவிடும். "எம்ஜிபி சார், ஹெட்லைட் பல்ப் இருக்கா?" இருக்கிறது. ஆனால் எது? எம்ஜிபி என்ற அந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை வந்தது, அதற்கப்புறம் எத்தனை மெக்கானிக் கை பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சிலதில் இன்னும் ஏழு இஞ்ச் சீல்டு பீம் இருக்கும், அதில் பல்ப் என்று தனியாக ஒன்றும் கிடையாது, மொத்தக் கண்ணாடியையும்தான் மாற்ற வேண்டும். சிலதில் யாரோ ஹெச்4 (டிம், ஹை பீம் இரண்டு இழையும் ஒன்றிலேயே இருக்கும் ஹாலஜன் பல்ப்) போட்டிருப்பார்கள். அதிலும் வம்பு உண்டு: வழக்கமான ஹெச்4-க்கு பி43டி தட்டு (பல்பின் உலோக அடிப்பாகம்), பழைய ரிஃப்ளெக்டருக்கு பி45டி தட்டு. ஒன்று மற்றதில் சரியாக உட்காராது. அதனால்தான் பல்பைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்கிறோம். முடியாவிட்டால் தட்டில் இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள்.

அடுத்தது, "வெளிச்சம் பத்தலை, 100/90 கொடுங்க" என்று ஹை பீம் 100 வாட், டிம் 90 வாட் பல்ப் கேட்பவர்களுக்கு. போன வருஷம் ஒருவருக்குக் கொடுத்தோம், தப்பு எங்களுடையது. இரண்டே வாரத்தில் டேஷ்போர்டு சுவிட்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார், பின்பக்கம் உருகி, கருகின பிளாஸ்டிக் வாடை. 60 வாட் பல்ப் ஒன்று 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல், இரண்டு பக்கமும் சேர்த்தால் கிட்டத்தட்ட 17. எம்ஜிபி மாதிரி கார்களில் ரிலே (பெரிய கரண்டை டேஷ்போர்டு சுவிட்ச் வழியே விடாமல் நேராக பல்புக்கு அனுப்பும் துணை சுவிட்ச்) கிடையாது, அத்தனை கரண்டும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. இப்போது ரிலே போடாத காருக்கு 100/90 கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

உண்மையில் பல ஹெட்லைட்டுகளுக்கு வாட் பிரச்சினையே இல்லை, வோல்ட்தான். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும், பேட்டரியில் ஒரு தடவை, பல்ப் கப்ளரில் (பல்பில் செருகும் வயர் முனை) ஒரு தடவை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். டிம் வயர் நீலத்தில் சிவப்புக் கோடு, ஹை பீம் நீலத்தில் வெள்ளைக் கோடு, கறுப்பு எர்த். பேட்டரியில் 13.8, பல்பில் 11.5 என்று காட்டினால் வெளிச்சம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். கடற்கரைப் பக்கம் நிறுத்தும் கார்களில் பெரும்பாலும் எர்த் முனைதான் பச்சை பூத்துக் கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கிப் பாருங்கள், சில சமயம் புது பல்பே வேண்டியிருக்காது (எங்களுக்கு நஷ்டம்தான், என்ன செய்வது).

எல்இடி கேட்கிறவர்களும் உண்டு. ஹெச்4-இல் டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும், வெளிச்சம் மேலே தூக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். இழை இருந்த அதே இடத்தில் எல்இடி சிப் அமையாவிட்டால் ஈசிஆரில் எதிரே வருகிறவர் உங்களைத் திட்டிக்கொண்டே போவார். 1967-க்கு முந்தைய எம்ஜிபி என்றால் அது பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்திருக்கும்), சாதா பல்புக்குக் கவலை இல்லை, எல்இடி எரியாமலே போகலாம். வெளிநாட்டிலிருந்து கண்ணாடி வரவழைப்பவர்கள் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள், அமெரிக்காவுக்கானது எதிர் வண்டி பக்கம்தான் அடிக்கும்.

புது பல்பின் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும், கைரேகையோடு வருவதை நாங்கள் திரும்ப வாங்குவதில்லை.

ஃபோகஸ் செட் பண்ண வேண்டுமென்றால் எட்டு மணிக்கு மேல் வாருங்கள். எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்குவது அப்போதுதான், லைட் அடித்துப் பார்க்க அதைவிட நல்ல சுவர் இந்தத் தெருவில் இல்லை.