தோட்டத்துத் தண்ணீரைத் தோட்டத்து மக்களே நடத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் இல்லை என்று இதே பகுதிக்கு நான் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். முதல் தடவை கடிதம் வந்த நாலாம் நாளே ஆட்கள் வந்து குழாயை ஒட்டிவிட்டுப் போனார்கள், அடுத்த மழையோடு அது மறுபடி கழன்று வடிகால் கானுக்குள் கிடந்தது. இந்த முறை எழுதுவது கனடாவில் பூர்வகுடி மக்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி. படித்த நாளிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை, மலையக வாசகர்களோடு பேசியாக வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடா ஏரிக்கும் ஆற்றுக்கும் குறைவில்லாத நாடு, பணத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் அங்கே பூர்வகுடிக் கிராமங்களில் 'தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்' என்ற அறிவித்தல் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நெஸ்கன்டாகா என்ற ஊரில் அதை 1995இல் போட்டார்கள், 25 வருடம் தாண்டியும் எடுக்கவில்லை. அன்றைக்குப் பிறந்த பிள்ளை தானே ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிடும் காலம் அது. கிழக்குக் கரையில் கேப் பிரெட்டன் தீவிலுள்ள பொட்லோடெக்கில் இரும்பும் மாங்கனீசும் கலந்து குழாயில் கறுப்பும் பழுப்புமாகத் தண்ணீர் வந்தது, 2016இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

அந்தக் கிழக்குப் பக்கத்து மிக்மாக், வொலாஸ்டொகி என்ற பூர்வகுடி மக்கள்தான் 2018இல் தங்களுக்கென்று ஒரு நீர் அதிகார சபையைப் பதிவு செய்தார்கள். லாபம் பார்க்கிற கம்பெனி இல்லை, சேர்ந்த சமூகங்களே சொந்தக்காரர்கள், அவர்களுடைய தலைவர்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசாங்கம் இந்தச் சேவையை அவர்கள் கையில் கொடுத்து ஒப்பந்தம் எழுதியது, பத்து வருடத்துக்கு 257 மில்லியன் கனேடிய டொலருக்கு மேல் பணத்தோடு. 17 சமூகங்கள் வரை, வீடும் கடையுமாகச் சுமார் 4,500 இணைப்புகள் என்பது திட்டம். குடிதண்ணீரும் கழிவுநீரும் இரண்டுமே அவர்கள் பொறுப்பு.

பத்து வருடம் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்றால் எங்களுக்குத் தண்ணீர் வராமல் இல்லை, வந்து நின்று போகிறது.

எங்கள் டிவிஷனில், அதாவது தோட்டத்தின் எங்கள் பிரிவில், நடந்ததைச் சொல்கிறேன். மேல்மலை ஊற்றில் அணை கட்டி, சீமெந்துத் தொட்டி வைத்து, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இரண்டு பைப் என்று கொண்டுவந்தார்கள். நாடா வெட்டினார்கள், பெயர்ப்பலகை வைத்தார்கள். நாங்களும் சங்கம் அமைத்து, குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று சேர்த்தோம், கணக்கு எழுதியவன் நான்தான். இரண்டாம் வருட மழையில் மண் சரிந்து பிரதான குழாய் போனது. மாற்ற வேண்டிய குழாயின் விலை எங்கள் சேமிப்பைப் போல பல மடங்கு. குழாய் வேலை தெரிந்த பையன் அதற்குள் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். கட்டிக்கொடுத்தவர்களிடம் கேட்டால் திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள், தோட்டத்தில் கேட்டால் அது உங்கள் சங்கத்தின் சொத்து என்றார்கள். இப்போது ஆளாளுக்கு ஒரு ஓஸ் பைப்பை ஊற்றிலிருந்து தேயிலைக்கு நடுவே இழுத்துக்கொண்டு வருகிறோம், யாருடைய ஓஸை யார் அறுத்தது என்ற சண்டை தனி.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த ஊற்று பங்குனியிலும் வற்றாது என்று என் அம்மாவுக்குத் தெரியும், நாற்பது வருடம் அந்த மலையில் கொழுந்து பறித்தவர். அளக்க வந்தவர்கள் அவரிடமோ அவர் வயதுப் பெண்களிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்கழியில் வந்து, பாய்கிற தண்ணீரைப் பார்த்து அளந்துகொண்டு போனார்கள். பங்குனியில் தொட்டி காய்ந்தது. கனடாவில் அந்தச் சபைக்குள் மூத்தோருக்கு ஓர் ஆலோசனை அவையே வைத்திருக்கிறார்கள். ஒரு கண்ணால் முன்னோர் அறிவையும் மறு கண்ணால் விஞ்ஞானத்தையும் பார்த்து இரண்டையும் சேர்த்து நடக்க வேண்டும் என்று அல்பர்ட் மார்ஷல் என்ற மிக்மாக் மூத்தவர் 2004 முதல் சொல்லிவந்ததை நிர்வாகத்துக்கே அடிப்படையாக எடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

சரி, இது நம்மால் ஆகிற காரியமா? எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு மைல் கீழே ஒரு சிங்களக் கிராமம். அங்கே ஜல சமித்திய என்ற தண்ணீர்ச் சங்கம் இருக்கிறது, வீட்டுக்கு வீடு மீட்டர், மாதாந்த பில், சம்பளத்துக்கு ஓர் ஆள். 1993இல் உலக வங்கி உதவியோடு பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய சமூக நீர்த் திட்டம் இந்த முறையை நாட்டில் பரப்பியது, 2014இல் அதற்கென்று ஒரு தனித் திணைக்களமும் வந்தது. அவர்களால் முடிகிறது என்றால் நம்மாலும் முடியும். ஆனால் அவர்களுக்குக் காணி இருக்கிறது. நமக்குக் காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது, ஊற்று அந்தக் குத்தகைக்குள் இருக்கிறது. குழாய் பதிக்கவும் தோட்டத்தை நடத்துகிற துரையின் கடிதம் வேண்டும், ஊற்றுக்கு மேலே களைநாசினி அடிக்காதீர்கள் என்று சொல்லவும் அவரிடம்தான் போக வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கவே தடையாக இருந்தது. கதவு திறந்து இத்தனை வருடமாகியும் உள்ளே வந்த குழாய் எத்தனை என்று நம்முடைய உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.

நாங்கள் பூர்வகுடிகள் இல்லை, கோப்பிக்காக 1820களில் கொண்டுவரப்பட்டவர்கள், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதுவது மஸ்கெலியாவிலிருந்து. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போனது. இங்கிருந்தும் காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்தும் இறங்குகிற தண்ணீர் மின்சாரமாகி, களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்தமாகி, கொழும்பில் குழாயில் வருகிறது. அந்தத் தண்ணீர் பிறக்கிற மலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை விடிய ஐந்து மணிக்குக் குடத்தோடு ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் நிற்கிறாள்.

என் யோசனை இதுதான். டிவிஷனுக்கு ஒரு சங்கம் என்று வைத்தால் எங்களைப் போலத்தான் சாகும். இருபது முப்பது தோட்டங்கள் சேர்ந்து ஒரு சபை வேண்டும். குழாயும் தொட்டியும் அதன் சொத்தாக எழுதப்பட வேண்டும். நம் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில், சேமலாப நிதியோடு வைத்தால் அவர்கள் ஏன் கொழும்புக்குப் போகிறார்கள்? ஒரு தோட்டத்தில் குழாய் போனால் மற்ற இருபதின் சேமிப்பும் கைகொடுக்கும். ஊற்றுகளையும் அவற்றுக்கு மேலுள்ள சரிவையும் குத்தகையிலிருந்து பிரித்து அந்தச் சபைக்குக் கொடுக்க அரசாங்கம் முன்வர வேண்டும், பணமும் பத்து வருடத்துக்காவது எழுத்தில் வர வேண்டும். பணம் இல்லாமல் பொறுப்பை மட்டும் தூக்கி மக்கள் தலையில் வைப்பதற்கு 'மக்கள் பங்களிப்பு' என்று பெயர் வைத்தால் நான்தான் முதலில் எதிர்ப்பேன். நாட்கூலி வாங்குகிறவன் கட்டணம் கட்டுவான், ஆனால் மலைச்சரிவில் கிலோமீட்டர் கணக்கில் குழாய் மாற்றுகிற செலவை அவன் தாங்க மாட்டான்.

கழிவறையையும் சேர்த்தே பேச வேண்டும். நம் ஆட்கள் கூட்டத்தில் இதைப் பேச வெட்கப்படுகிறார்கள். மேல் லயத்துக் குழி நிறைந்து வழிந்தால் அது கீழ் லயத்துப் பீலிக்குத்தான் வரும். புது வீடு கட்டிக் கொடுக்கும்போது வீட்டுக்கு ஒரு குழி வெட்டுகிறார்கள், நல்லது, ஆனால் அது நிறைந்தால் இழுக்கிற வண்டி அந்தப் பாதையில் ஏறாது. எங்கள் பக்கம் செங்கமாரி (மஞ்சள் காமாலை) வந்தபோது எல்லோரும் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார்கள், குழியைப் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

எங்கள் சங்கத்தின் கணக்குக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது, யார் யார் எவ்வளவு கட்டினார்கள், எந்த மாதத்தோடு நின்றது என்பது எல்லாம் அதில் உண்டு. மற்றத் தோட்டங்களிலும் இப்படிக் கொப்பி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். எந்த வருடம் தொடங்கினீர்கள், எதனால் நின்றது, ஊற்று யார் காணியில் இருக்கிறது என்று அவர்கள் இந்தப் பகுதிக்கு எழுத வேண்டும், நீங்களும் அவற்றைப் போட வேண்டும். நாலைந்து தோட்டத்துக் கணக்கு ஒன்றாகக் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு பிரதேச சபைக்குப் போக நான் தயார்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர் ஒருவர்,
மஸ்கெலியா.