அந்த செல்லோவை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இக்கால சிம்பொனிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கொரிக்லியானோவின் முதல் சிம்பொனியைச் சேர்த்துக்கொண்டது சந்தோஷம். ஆனால் செல்லோ என்ற, வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம் வரும் மூன்றாம் பகுதியை மட்டும் கேட்டால் போதும், மற்றதெல்லாம் இரைச்சல் என்பதுபோல எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எய்ட்ஸுக்கு நண்பர்களைப் பறிகொடுத்தவர் எழுதிய இசை இது. இறந்தவர்களின் பெயர்களைத் தைத்து இணைத்து 1987-இல் வாஷிங்டனில் விரித்தார்களே, அந்தப் பிரம்மாண்டமான துணி விரிப்பு, அதைப் பார்த்த பாதிப்பில்தான் எழுத உட்கார்ந்தார். 1990 மார்ச்சில் இசை நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம் நடத்த, சிகாகோ சிம்பொனி இசைக்குழு முதன்முதலாக வாசித்தது. நோயை அடக்கிவைக்கும் கூட்டு மருந்துகள் அப்போது வந்திருக்கவில்லை. கோபம் வராமல் என்ன செய்யும்?

முதல் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வயலின்களும் வயோலாக்களும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கும், அது வீங்கிக்கொண்டே போய்த் தாளவாத்தியங்களின் அடியில் உடையும், ஒரு கட்டத்தில் அந்த ஆவேசம் அடங்கும்போது மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு பியானோ மெல்லக் கேட்கும். வாசிப்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸின் டாங்கோ அது, கொரிக்லியானோவின் பியானோக் கலைஞர் நண்பருக்கு ரொம்பப் பிடித்தது. முன்னால் அத்தனை ஆவேசம் இல்லாவிட்டால் அது வெறும் இனிமையான நடன இசை, அவ்வளவுதான். அந்த ஆவேசத்தைக் கேட்ட காதுக்குத்தான் போய்ச் சேர்ந்த ஆள் வாசிப்பதுபோல இருக்கும்.

இரண்டாம் பகுதி டாரன்டெல்லா. சிலந்திக்கடியால் வரும் பித்தைத் தெளிவிக்கும் என்று இத்தாலியில் நம்பி ஆடிய ஆட்டம். இங்கே அது நோயால் புத்தி பேதலித்த இன்னொரு நண்பருக்காக: துள்ளலாகப் போகிற மெட்டு கோணும், கொஞ்சம் தெளியும், மறுபடி கோணும், கடைசியில் அலறலில் முடியும். என்னைக் கேட்டால் முழு சிம்பொனியிலும் கேட்கக் கஷ்டமான இடம் இதுதான், தாண்டிப் போகவே கூடாத இடமும் இதுதான்.

சரி, அந்த செல்லோ. கல்லூரி நாட்களில் ஜூலியோ என்ற நண்பரோடு சேர்ந்து மனோதர்மமாக வாசித்த பழைய நாடாப் பதிவிலிருந்து எடுத்த மெட்டு. மறைந்த மற்ற நண்பர்களுக்காக நாடக ஆசிரியர் வில்லியம் ஹாஃப்மன் எழுதித் தந்த வரிகளுக்கும் மெட்டமைத்து, பிறகு சொற்களை நீக்கிவிட்டுக் கருவிகளையே பேச விட்டிருக்கிறார். அழகுதான், யார் மறுத்தார்கள்?

ஆனால் கடைசிப் பகுதியில் டிரம்பெட்டும் டிராம்போனும் ஹார்னும் அலை அலையாக எழும்ப, அதன் மேல் அந்த டாங்கோ, டாரன்டெல்லா மெட்டு, செல்லோ எல்லாம் திரும்பி வருகின்றனவே. மூன்றாம் பகுதியை மட்டும் கேட்டவருக்கு அங்கே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

மொத்தமே சுமார் 40 நிமிடம். அந்த சிகாகோ வாசிப்பே ஆல்பமாகவும் வந்திருக்கிறது. கட்டுரையாளர் அதை முழுதாகக் கேட்டுவிட்டு இன்னொரு கட்டுரை எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி