பக்கவாத நோயாளிகள் மற்றும் பராமரிப்பாளர்கள் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பெரும்பாலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. "அன்றைக்கு பிரஷர் 200 காட்டியது, அதனால்தான் பேச்சே போய்விட்டதா?" இதற்காகவே ஒரு நரம்பியல் மருத்துவரை அழைத்தோம். இந்த ஆண்டின் உருப்படியான வேலை என்று நான் கருதுவது அந்தக் கூட்டத்தைத்தான்.

அவர் விளக்கியது இது: பாதிப்பின் கடுமையை பிரஷரை வைத்து அளப்பதில்லை. நினைவு, பார்வை, முகக்கோணல், கை கால் வலு, பேச்சு இவற்றைப் பார்த்து 0 முதல் 42 வரை மதிப்பெண் போடுகிறார்கள். பக்கவாதம் வந்ததும் பலருக்கு அழுத்தம் ஏறி, சில நாட்களில் தானாகவே இறங்கிவிடுகிறது. ஆகவே அந்த 200-இல் ஒரு பங்கு பக்கவாதத்தின் விளைவாகவே இருக்கலாம். மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்தில் அழுத்தம் மிக அதிகமானாலும் கெடுதல், மிகக் குறைந்தாலும் கெடுதல். 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், மேல் அளவு 150-ஐ ஒட்டி இருந்தவர்களுக்கே இறப்பு குறைவாக இருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமென்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஊசி இல்லையென்றால் பொதுவாக 220/120 வரைகூட விட்டுவைப்பார்கள். மூளையில் ரத்தக்கசிவால் வந்தது என்றால் கணக்கே வேறு. அழுத்தம் கூடினால் கசிவு பெருகக்கூடும் என்பதால் 140-ஐ ஒட்டி இறக்கப் பார்ப்பார்கள்.

எந்த வகை என்று ஸ்கேன்தான் சொல்லும். அதனால் கைகூப்பிக் கேட்கிறேன்: முகம் கோணினால், கை தளர்ந்தால், வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், நாக்கின் அடியில் எதையும் வைக்காதீர்கள். உடனே கிளம்புங்கள். கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு.

அப்புறம், பிரஷர் பார்க்கும் பயிற்சி. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, சட்டைக்கு மேல் பட்டையைச் சுற்றாமல், பாதிக்கப்படாத கையில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பலரும் அதுவரை வாதம் வந்த கையில்தான் பார்த்துவந்திருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டில் பராமரிப்பவர்களின் பிரஷரையும் ஒவ்வொரு கூட்டத்திலும் பார்த்துக் குறித்துவைக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்