கேமரா சாகவில்லை, விலாசம்தான் மாறிவிட்டது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெஸ்தாரி ஜெயா கடைவீதியில் இருக்கும் நம் கேமராக் கடையிலிருந்து எழுதுகிறோம். ஊருக்கு 2007-இல் பெயர் மாற்றினார்கள் என்றாலும் நம்மில் பாதிப் பேருக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பழைய பெயரைச் சொன்னாலும் லோரிக்காரர் சாமானைச் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். கேமராப் படத்தைப் பதிவு செய்யும் உங்கள் வீட்டு ரெக்கார்டர் பெட்டிக்கு அந்தத் தாராள மனசு கிடையாது. விலாசத்தில் ஓர் எண் பிசகினாலும் ஊமையாகிவிடும்.

இரண்டு மாதமாகக் கடைக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி. “தம்பி, கேமரா செத்துப்போச்சு, வந்து பாருங்க.” மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் டிவியில் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் மட்டும்தான் ‘ஆஃப்லைன்’. விசாரித்தால், “போன வாரம் லைன் மாத்தினோம், புது ரூட்டர் வச்சிட்டுப் போனாங்க” என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நின்று சொன்னதையே சொல்வதற்குப் பதில், ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பதற்றம் பாதி குறைய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டி பதிவு செய்வதற்கு இணையம் தேவையே இல்லை. கேமராவின் படம் கேபிள் வழியாகப் பெட்டிக்கு வந்து, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் உட்காருகிறது, அவ்வளவுதான். கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நீங்கள் எட்டிப் பார்ப்பதற்குத்தான் இணையம். வைஃபை கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அது ரூட்டர் வழியாகத்தான் படத்தையே அனுப்பும். ஆகவே கைப்பேசியில் படம் வரவில்லை என்றால் முதல் வேலையாக டிவியைப் போட்டுப் பாருங்கள். அங்கே படம் ஓடினால் கேமரா சாகவில்லை. தயவுசெய்து ரீசெட் பட்டனை மட்டும் தொடாதீர்கள். நாங்கள் அமைத்துவைத்தது எல்லாம் போய், அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிவிடும்.

சரி, விலாசத்துக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபம். அப்போதெல்லாம் லயத்து வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கடிதம் நேரே வராது. தோட்டத்து ஆபீஸ் வரைக்கும்தான். ஆபீஸ் எழுத்தரான கிராணி அதைப் பிரித்து, இது ஐந்தாவது லயம், பன்னிரண்டாம் வீடு என்று ஆள் மூலம் கொடுத்தனுப்புவார். வெளியுலகத்துக்குத் தெரிந்தது தோட்டத்தின் பெயர் மட்டும். பன்னிரண்டாம் வீடு எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஆனாலும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, அந்த எண் வேலிக்கு உள்ளே மட்டும்தானே செல்லும்.

உங்கள் வீட்டு இணையமும் இதே ஏற்பாடு. ஆபீஸும் ரூட்டர்தான், கிராணியும் ரூட்டர்தான். கைப்பேசி, டிவி, ரெக்கார்டர் எல்லாம் லயத்து வீடுகள். ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் ஐபி முகவரி இருக்கும். இந்த எண் வரிசையை வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் புழங்குவதற்கென்றே 1994-இல் ஒதுக்கிவைத்தார்கள். இணையத்தின் பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் டிவிக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் வெளியே வீட்டுக்கு ஒன்று, உள்ளே வேண்டிய மட்டும்.

இப்போது பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் நான்கு வரிகள் தெரியும். மவுஸில் வலது பட்டனை அழுத்தி, மெனுவுக்குள் போய், நெட்வொர்க் என்பதைத் தட்டினால் போதும். முதல் வரி ஐபி முகவரி, அதாவது வீட்டு எண். இரண்டாவது சப்நெட் மாஸ்க். நம் ஊர் வீடுகளில் இது பெரும்பாலும் 255.255.255.0, முதல் மூன்று பகுதி தோட்டத்தின் பெயர், கடைசிப் பகுதிதான் வீட்டு எண் என்று சொல்லும் வரி அது. 0-வும் 255-உம் யாருக்கும் கொடுக்க முடியாது, மிச்சம் 254 வீடு. மூன்றாவது கேட்வே, அதாவது தோட்டத்து கேட். ரூட்டரின் சொந்த எண் அங்கே இருக்கவேண்டும். நான்காவது டிஎன்எஸ். இணையத்தில் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுப்பவர் இவர். 8.8.8.8 என்று போட்டால் கூகுளின் டிஎன்எஸ் அந்த வேலையைச் செய்யும். முதல் மூன்றையும் சரியாகப் போட்டுவிட்டு இந்த நான்காவதை மறந்தால், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் கைப்பேசியில் படம் வராது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

போன மாதம் ராஜா மூசா பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா கூப்பிட்டார். பழைய ரூட்டரின் எண் 192.168.1.1. அதற்கேற்ப பெட்டிக்கு 192.168.1.108 என்று போட்டிருந்தோம். புது ரூட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 192.168.0.1. மூன்றாவது இடத்தில் ஒன்றுக்குப் பதில் சைபர். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் தோட்டமே வேறு. பெட்டி பழைய தோட்டத்து விலாசத்தை வைத்துக்கொண்டு, இல்லாத கேட்டைத் தேடிக்கொண்டிருந்தது. முகவரியை 192.168.0.208 ஆக்கி, கேட்வேயை 192.168.0.1 என்று மாற்றி, சேமித்தேன். அரிசி மூட்டைக்கு மேல் வைத்திருந்த அக்காவின் கைப்பேசியில் கல்லாப்பெட்டி தெரிந்தது. வேலை நான்கு நிமிடம். “இதுக்கா ரெண்டு நாளு தூங்காம கெடந்தேன்” என்று மைலோ கலக்கிக் கொடுத்தார்.

ஏன் 108-ஐ 208 ஆக்கினோம் என்று கேட்கலாம். அங்கே எங்கள் தவறு ஒன்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். டாஹுவா என்ற நிறுவனத்தின் பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து 192.168.1.108 என்ற எண்ணோடுதான் வரும். ஆரம்ப காலத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். ரூட்டர் என்ன செய்யும் என்றால், புதிதாக வரும் கைப்பேசிக்கெல்லாம் தானே ஓர் எண்ணைக் கொடுக்கும். இதற்கு டிஎச்சிபி என்று பெயர். பல ரூட்டர்கள் 100-இல் ஆரம்பித்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகும். ஒரு தாத்தா வீட்டில் பள்ளி விடுமுறை வந்தால் கேமரா போய்விடும், பேரப்பிள்ளைகள் கிளம்பியதும் வந்துவிடும். பிள்ளைகள்தான் வயரை இழுக்கிறார்கள் என்று தாத்தா திட்டித் தீர்த்தார். நானும் இரண்டு தடவை கேபிளை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், ஒன்பதாவதாக வீட்டுக்குள் நுழையும் கைப்பேசிக்கு ரூட்டர் 108-ஐக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே வீட்டு எண்ணில் இரண்டு குடும்பம். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

அதிலிருந்து, ரூட்டர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது என்று பார்த்து, அதற்கு வெளியே ஓர் எண்ணைப் பெட்டிக்குப் போடுகிறோம். அல்லது ரூட்டரிலேயே சொல்லிவைத்துவிடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் மேக் முகவரி என்று 12 எழுத்தில் ஒன்று உண்டு, நம் அடையாள அட்டையின் ஐசி நம்பர் 12 இலக்கம் மாதிரி. வீடு மாறினாலும் ஐசி மாறாது அல்லவா, இதுவும் அப்படித்தான். இந்த ஐசிக்காரருக்கு இந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ரூட்டரில் பதிந்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்து, வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது. பழைய முறையில் ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவோம். அதாவது, வெளியிலிருந்து இந்த எண்ணைச் சொல்லி யார் வந்தாலும் நேரே ரெக்கார்டரிடம் அனுப்பு என்று கிராணிக்கு உத்தரவு. வேலியில் ஓர் ஓட்டை போட்டால் நாம் மட்டும் நுழைவோம் என்று நினைப்போம். செம்பனைக் குலை காணாமல்போகும் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அந்தக் கதை தெரியும். போர்ட் திறந்த பெட்டிகளைத் தேடி உலகம் முழுக்க நாள் முழுக்க கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் மென்பொருள்கள் உண்டு. 2016-இல் மிராய் என்று ஒன்று வந்தது. தொழிற்சாலை போட்டுவிட்ட பாஸ்வேர்டை மாற்றாத ரெக்கார்டர்களிலும் கேமராக்களிலும், கையில் வைத்திருந்த அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. அந்த வருடம் அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது அத்தனை கருவிகளும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பல மணி நேரம் திணறின. கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் பெட்டி அடியாளாகப் போய் வந்தது தெரியவே தெரியாது.

அதனால் எங்கள் கடை இப்போது போர்ட் திறந்து கொடுப்பதில்லை. கேட்டாலும் செய்யமாட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். அதோடு, பல இணைப்புகளில் திறந்தாலும் பலன் இல்லை. ரூட்டரின் வெளிமுகவரி 100.64-இலிருந்து 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், உங்கள் தோட்டமே இன்னொரு பெரிய தோட்டத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். சிம் கார்டு போட்ட ரூட்டர்களில் இது மிகச் சாதாரணம். வெளியிலிருந்து யாரும் உங்களை நேராகக் கூப்பிட முடியாது.

இப்போது நாங்கள் வைத்துக்கொடுப்பது பி2பி முறை. பெட்டியில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறீர்களே, அது. இதில் பெட்டியே வெளியே போய், தயாரிப்பாளரின் சர்வரிடம் நான் இங்கே இருக்கிறேன் என்று பதிவு செய்துகொள்ளும். உங்கள் கைப்பேசியும் அங்கே போய் விசாரிக்கும். இரண்டையும் சர்வர் சேர்த்துவைக்கும். வேலியில் ஓட்டை வேண்டாம். ஆனால் அந்த கியூஆர் கோடைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். போன தீபாவளிக்கு ஒருவர் போட்டார், பெயர் வேண்டாம். பாஸ்வேர்டு உங்களுடையதாக இருக்கட்டும். கார் நம்பர் வேண்டாம். நாங்கள் பொருத்திய அன்றே உங்கள் கையால் மாற்றச் சொல்வதும் அதற்குத்தான். எங்களிடம் அதன் நகல் இல்லை.

படம் விட்டுவிட்டு வருகிறது என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, படத்தைச் சுருக்கி அனுப்பும் எச்.265 முறையில், சுமாராக 2 எம்பிபிஎஸ் இணைய வேகம் கேட்கும். எட்டு கேமராவையும் முழுத் தெளிவில் ஒரே நேரத்தில் திறந்தால் 16 எம்பிபிஎஸ், அதுவும் அப்லோடில். படம் உங்கள் வீட்டை விட்டு வெளியே போகிறது, அதனால் டவுன்லோடு எவ்வளவு வேகம் என்பது இங்கே செல்லாது. செயலியில் சப் ஸ்ட்ரீமை, அதாவது தெளிவு குறைந்த படத்தை, தேர்ந்தெடுங்கள், பழுது பாதி நின்றுவிடும். பழைய 3ஜி மோடம் இன்னும் அலமாரியில் வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடலாம். 2021 கடைசியோடு நாட்டில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள்.

கேபிளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. லேன் கேபிள் 100 மீட்டர் வரைதான். ஒரு தோட்டத்துக் கோயிலிலிருந்து கேட் வரை இழுக்க முடியாமல், நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு வயர்லெஸ் டப்பாக்களைக் கம்பத்தில் பொருத்தினோம். நடுவில் இடுப்பளவு செம்பனைக் கன்றுகள். அருமையாக ஓடியது. நாலைந்து வருடத்தில் கேட்டில் இருக்கும் ஜாகா (காவலாளி) கொட்டகைக் கேமரா மழை நாளில் மட்டும் உறைய ஆரம்பித்தது, அப்புறம் வெயில் நாளிலும். கம்பத்தில் ஏறிப் பார்த்தால் எதிரே மட்டையும் ஓலையும்தான் தெரிந்தது, கேட் தெரியவில்லை. ஈர ஓலை அந்த அலையைக் குடித்துவிடும். மரம் வளரும் என்பது தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா என்ன, கம்பம் நடும்போது நினைவில்லை. இப்போது அங்கே ஃபைபர் போட்டிருக்கிறோம். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மாலை நேரத்து இடி மின்னலுக்கும் அது நல்லது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுத்திருப்பவர்கள் ஒரு தடவை கடைக்கு வந்து பேசுங்கள்.

கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்: ரூட்டருக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கர் (பாஸ்வேர்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்), பெட்டியின் நெட்வொர்க் பக்கம், பெட்டிக்குப் பின்னால் லேன் கேபிள் சொருகிய இடம். அந்த இடத்தில் குட்டி விளக்கு மினுக்கவில்லை என்றால் கேபிளைக் கழற்றி, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை மறுபடி சொருகிப் பாருங்கள். பாதி வீடுகளில் பல்லியோ எறும்போதான் குற்றவாளி. படத்தைப் பார்த்தே என்ன எண் போடவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவோம், அதற்குக் காசு இல்லை. நேரில் வந்தால் மட்டும் 30 வெள்ளி.

லைன் மாற்றப்போகிறவர்கள் பழைய ரூட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அதன் ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். புது ரூட்டருக்கு அந்தப் பழைய எண்ணையே போட்டுவிட்டால் பெட்டியில் எதையும் தொட வேண்டியிருக்காது. பதினாறு கேமரா வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு இது பெரிய மிச்சம். வெள்ளி மத்தியானமும் ஞாயிறும் கடை மூடியிருக்கும், வாட்ஸ்அப் திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கேமராக் கடை,
பெஸ்தாரி ஜெயா