பெரிய திரைக்குக் கார்டு வாங்குவோர் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி வாங்குவோருக்காகத் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளில், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது நினைவகம் எத்தனை ஜிபி என்று பார்த்து வாங்கும்படி எழுதியிருந்தீர்கள். கணினி விளையாட்டுக்கும் முப்பரிமாண வேலைக்கும் அது பொருந்தும். ஆனால், பெரிய திரையில் தட்டையான படம் வரைந்து பிழைப்பவர்கள் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டால் தவறான கார்டோடு வீடு திரும்ப நேரிடும் என்பதைப் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னிமலையில் பெட்ஷீட்டுகளுக்கு ஜக்கார்டு டிசைன் போடுவது என் தொழில். நான் டிசைன் போடும் மின்னணு ஜக்கார்டுக்குப் பாவு இழைகளைத் தூக்கும் 2688 கொக்கிகள். டிசைன் வரையும் கிராஃபில் கொக்கிக்கு ஒரு கட்டம். சாதாரண முழு எச்டி மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளிகள்தான் உண்டு என்பதால், கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தாலும் ஒரு பக்கத்துக் கரையைப் பார்க்கும்போது மறுபக்கத்துக் கரை திரைக்கு வெளியே போய்விடும். சுருக்கிப் பார்த்தாலோ, விட்டுப்போன ஒற்றைக் கட்டம் கண்ணில் படாது. துணி நெய்து வந்த பிறகு, இழை பிடிப்பில்லாமல் நீளமாகத் தொங்கும்போதுதான் தெரியும். ஆகவே 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட 43 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். நான்கு 21.5 அங்குல முழு எச்டி மானிட்டர்களை இடையில் சட்டமில்லாமல் ஒட்டி வைத்தால் எப்படியோ அப்படி. புள்ளியின் அளவு மாறாததால் எழுத்தும் பொடியாகவில்லை.

அதற்கென்று ஈரோட்டில் ஒரு கடையில் 4 ஜிபி கார்டு கொடுத்தார்கள். படம் வந்தது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவியது. டிசைனைப் பிடித்து இழுத்தால் கை போன பிறகே படம் போனது. சாயங்காலமானால் கண் எரிச்சல் வேறு. கடையில் போய்ச் சொன்னதற்கு, "4கே வந்திருச்சுங்கல்ல, அப்புறம் என்னங்க?" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து விண்டோஸின் திரை அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான், 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும் என்று இருக்க வேண்டிய இடத்தில் 30 என்று இருப்பதைக் கண்டேன்.

காரணம் நினைவகம் அல்ல, மானிட்டர் ஒயரைச் செருகும், கார்டின் பின்பக்கத்துத் துளை. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் வீதம் நொடிக்கு 60 முறை அனுப்ப ஏறக்குறைய 1,194 கோடி பிட் போயாக வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 1.4 வகைத் துளை வழியாகப் படத்துக்கென்று நொடிக்குப் போகக்கூடியது 816 கோடி மட்டுமே. எனவே 30 முறையோடு நின்றுவிடுகிறது. 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 என்றால் 1,440 கோடி, இன்னொரு வகைத் துளையான டிஸ்பிளே போர்ட் 1.2 என்றால் 1,728 கோடி. பவானிசாகர் நிரம்பி வழிந்தாலும் மதகைத் திறந்த அளவுக்குத்தானே கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வரும்? ஒரு முழுத் திரைப் படத்தை வைத்திருக்க ஏறத்தாழ 33 எம்பி போதும் என்பதால், எனக்கு விற்கப்பட்ட 4 ஜிபியில் பெரும்பகுதி சும்மாதான் கிடந்தது.

இதில் இன்னொரு கண்கட்டும் உண்டு. மானிட்டருக்குப் பதிலாக 4கே டிவியை மாட்டியிருக்கும் நண்பர் ஒருவருக்கு 60 என்றே காட்டுகிறது. ஆனால் கறுப்புத் தரையில் ஒற்றைக் கட்டச் சிவப்புக் கோடு போட்டால் அது ஈரத்துணியில் சாயம் படர்ந்ததுபோல் ஓரம் மங்கித் தெரிகிறது. நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத்தகவலை அனுப்பி அந்த 60ஐ எட்டியிருக்கிறார்கள். சினிமா பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. எங்களுக்கோ அந்த ஒற்றைக் கட்டம்தான் சோறு.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்; அதற்கு மேல் வேண்டுமானால் கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 70 வாட்டில் ஓடும் 6 ஜிபி கார்டும் உண்டு, 130 வாட் கேட்கும் 8 ஜிபி கார்டும் உண்டு. பழைய கணினி வைத்திருப்பவருக்கு இங்கே குறைந்த ஜிபிதான் தோது. (பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்து, போர்டில் டிஸ்பிளே போர்ட்டும் இருந்தால், என் வேலைக்குத் தனிக் கார்டே தேவைப்படாமல் போகலாம், இதை எந்தக் கடையிலும் தாமாகச் சொல்லிக் கேட்டதில்லை.)

எனவே கடைக்காரர்கள் கொட்டேஷனில் ஜிபியோடு, எந்தத் துளை வழியாக, எத்தனை புள்ளி, நொடிக்கு எத்தனை முறை, முழு நிறத்தோடு வருமா, ஒரே நேரத்தில் எத்தனை திரை, எத்தனை வாட் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கள் குறிப்புகளிலும் இதைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது கார்டு வாங்கியபோது நான் மானிட்டரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கடையிலேயே மாட்டச் சொல்லி, அமைப்புப் பக்கத்தில் 60 என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஜக்கார்டு டிசைனர் ஒருவர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.