பவர் வீடர் வெடிச்சத்தம்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோபி, நம்பியூர், அந்தியூர் பக்கம் மஞ்சள் வைக்கிறவர்களில் பலருக்கு அந்த வீடியோ வந்திருக்கும். மஞ்சள் காட்டுக்குள் ஒரு பவர் வீடர், அதாவது களை எடுக்கிற சின்ன எஞ்சின் வண்டி, நிற்கிறது. ஆக்சிலேட்டர் கொடுத்ததும் டப் டப்பென்று வெடிக்கிறது. பின்னாலிருந்து ஒருவர் நம் எஞ்சின் சர்வீஸ் கடையைச் சொல்லி, "சர்வீஸ் பண்ணி ஒரு மாசம் ஆகலைங்க, கார்பரேட்டரையே மாத்திட்டாங்க" என்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் கார்பரேட்டர் விஷயம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம் அது. உரிமையாளரிடம் சொல்லாமல் எந்த வண்டியிலும் எதையும் நாங்கள் மாற்றுவதில்லை. பிளக் மாற்றினாலும் சரி, ஒரு ரூபாய் வாஷர் மாற்றினாலும் சரி, பழையதைக் கவரில் போட்டு பில் நம்பர் எழுதி வண்டியோடு கொடுத்துவிடுவோம். வேண்டாம் என்று விட்டுப்போனவர்களின் கவர்கள்கூட மேசைக்கு அடியில் அப்படியே இருக்கின்றன, வந்து பார்க்கலாம். அந்த வண்டிக்கு மாற்றியது பிளக்கும் ஏர் ஃபில்டரும் மட்டுமே. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) காற்றடித்து, அதையேதான் திரும்ப மாட்டினோம். அழுக்குப் போனதும் அலுமினியம் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்து வேறு மாட்டிவிட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். அவர் பல வருடமாக நம்மிடம் வருகிறவர். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் பில்லோடு விளக்கியிருப்போம். களவு செய்ததாக ஊரே பேசும்போது மனது தாங்கவில்லை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த வண்டி திரும்பக் கடைக்கு வந்தது. டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் இறக்கி அசையாமல் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடியில் இரண்டு விரற்கடைக்குக் கலங்கலாகத் தனியே தேங்கிவிட்டது. மேலே பெட்ரோல், கீழே தண்ணீரும், பெட்ரோலில் கலந்து வருகிற எத்தனாலும் (எரிசாராயம்). அதைக் கொட்டிவிட்டு, கார்பரேட்டர் கிண்ணத்தையும் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றினோம். வெடிப்பு நின்றுவிட்டது.

இன்று பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2025-ல் நாடு முழுக்க இந்த அளவுக்கு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மோட்டார் ரூமில் மூடி சரியாக மூடாத கேனில் மாதக்கணக்கில் கிடந்தால், ஒரு அளவுக்கு மேல் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு அடியில் பிரிந்துவிடும். எஞ்சினுக்குப் போகிற குழாய் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. இன்னொன்று, ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய எஞ்சின்களின் ஜெட் வெறும் பெட்ரோலுக்குத் துளைத்தது. அதில் இந்த எரிபொருள் போனால் காற்று மிஞ்சி, கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை மெதுவாக எரியும், கலவையை உள்ளே விடுகிற இன்டேக் வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சம் இருக்கும். அது கார்பரேட்டர் வழியாகத் திருப்பி அடிப்பதுதான் நீங்கள் கேட்கிற 'டப்'. ஜெட்டில் தூசி அடைத்தாலும், கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள பேக்கிங் வழியாகக் காற்று புகுந்தாலும் இதே கதைதான்.

ஆகவே எங்கிருந்து வெடிக்கிறது என்று முதலில் கவனியுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் பெட்ரோல், கார்பரேட்டர், இன்டேக் வால்வு. சைலன்சர் பக்கம் என்றால் எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய்ப் பற்றுகிறது. ஸ்டார்ட் பண்ணக் காற்றைக் குறைக்கிற சோக்கைத் திறக்காமல் ஓட்டுவது, அடைத்த ஏர் ஃபில்டர், வலுவில்லாத பிளக், சைலன்சர் பேக்கிங் ஒழுகல் என்று காரணம் பல. முழு வேகத்தில் ஓடும் வண்டியைச் சட்டென்று ஆஃப் பண்ணினாலும் ஒரு வெடி வரும். ஐடிலிங்கில் கொஞ்ச நேரம் விட்டு நிறுத்தினால் வராது. டேப்பெட் இடைவெளியையும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள சந்தையும், மறக்கக்கூடாது. இந்த அளவு எஞ்சின்கள் பலவற்றுக்கு இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணும்போது கயிறு கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தால், மறுபடி இழுக்காதீர்கள். மேக்னெட் (காந்தம் பதித்த சக்கரம்) நட்டு லூசாகி, அச்சில் உட்காரும் அரைவட்டச் சாவி பாதி வெட்டுப்பட்டிருக்கலாம். விரல் நகம் அளவு இருக்கும் அந்தச் சாவி கொஞ்சம் நகர்ந்தாலே பிளக் பொறி விடும் நேரம் (டைமிங்) மாறிவிடும். மணிக்கட்டு போய்விடும், விளையாட்டில்லை.

பிரஷ் கட்டர் (புல் வெட்டும் மெஷின்) வைத்திருப்பவர்களுக்கு: பெட்ரோலில் கலக்கிற டூ ஸ்ட்ரோக் ஆயில் கூடினால் நல்லது என்று நினைத்து ஊற்றாதீர்கள். புத்தகத்தில் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லிதான், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஆயில் கூடும்போது பெட்ரோலின் பங்கு குறையும், கலவை மெலியும், சைலன்சரும் கரி பிடித்து அடைக்கும்.

மண் அணைத்து முடித்ததும் வண்டியை ஓரங்கட்டி அடுத்த வைகாசிக்குத்தான் தொடுகிறோம். நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் டேப்பை மூடி எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள், டேங்கையும் காலி செய்துவிடுங்கள். சர்வீஸ் செலவில் பாதி இதிலேயே மிச்சம் என்பது எங்கள் அனுபவம்.

நம் மூத்த மெக்கானிக் சொந்த ஊருக்குப் போய்த் தனியாகக் கடை வைத்திருக்கிறார். நல்ல தொழில்காரர், நன்றாக இருக்கட்டும். அவர் இடத்துக்குப் பையன் ஒருவன் பழகி வருகிறான், ஒவ்வொரு வண்டியையும் நானே ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். அதனால் வண்டி கைக்கு வர நான்கைந்து நாள் ஆகலாம். உதிரிபாகம், கூலி எல்லாம் ஏறிவிட்டதால் பிரித்துப் பார்க்க 200 ரூபாய், இனி பில்லில் கழிக்க இயலாது.

வீடியோ வந்த பிறகும் "நாங்க இருக்கோம் அண்ணா" என்று போன் பண்ணினவர்களும், குழுவிலேயே நமக்காகப் பேசினவர்களும், அதே வாரம் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினவர்களும் எங்களுக்குச் செய்தது பெரிய உதவி. உங்களுக்கு மனமார்ந்த நன்றி. வெடிக்கிற வண்டியைக் கொண்டுவரும்போது டேங்கைக் காலி பண்ணாமல், பெட்ரோல் வாங்கி வைத்த கேனையும் கூடவே எடுத்து வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே பாட்டிலில் ஊற்றிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் எஞ்சின் கடைக்காரர்