படிக்க வந்தவர்களுக்குக் கொடிமலையில் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஜார்ஜ்டவுன் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் பினாங்கின் கொடிமலையில் காடு மேடு என்று சுற்றி, வழி தவறி, தீயணைப்பு வீரர்களுக்கு வேலை வைக்கிறார்கள்; கல்லூரிகளே இதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் திட்டிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. வழி தவறியதும் உண்மை. தீயணைப்பு வீரர்கள் வரை போகவில்லை, அவ்வளவுதான்.

நான் திருச்சிக்காரி. இங்கே பினாங்கில் முதுகலை, இரண்டாவது வருடம். எனக்குத் தெரிந்த மலை எங்கள் ஊர் மலைக்கோட்டை. உயரம் 83 மீட்டர். உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க நானூற்றுச் சொச்சம் படி. கொடிமலையின் உயரம் 833 மீட்டர் என்று பார்த்தபோது, ஒரு 3 கூடுதலாக அச்சாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாங்கள் நால்வர்: சுங்கை பட்டாணித் தோழி, கிளந்தான் தோழி, மேடானிலிருந்து வந்தவள், நான். தாவரவியல் பூங்கா பக்கம் ஜீப் பாதை தொடங்குகிறது. தார் போட்ட பாதை, சுமார் 5 கிலோமீட்டர். இதற்கென்ன அவசரம் என்று ரொட்டி சானாய் சாப்பிட்டு, தேதாரேக் குடித்து, படமெல்லாம் எடுத்து முடித்துக் கிளம்பும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பக்கத்துக் குன்றுக் கோயிலான தண்ணீர்மலை முருகனைக் கீழே நின்றபடியே கும்பிட்டோம். அந்த 513 படியையும் ஏறிவிட்டு இதையும் ஏறத் தெம்பில்லை.

முதல் இருபது நிமிடத்திலேயே என் சுவாசம் எனக்கே சத்தமாகக் கேட்டது. எதிரே எழுபது வயது ஆண்களும் பெண்களும் வியர்வைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வருகிறார்கள். அவர்கள் ஏறி முடித்து வீடு திரும்பும் நேரத்தில் நாங்கள் ஏறத் தொடங்கியிருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை. பாதி வழியில் '84' என்று எல்லாரும் சொல்லும் ஓய்வுக் கொட்டகையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க அரை மணி ஆனது. தலைக்கு மேல் லோத்தோங் குரங்குகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

உச்சிக்குப் போனால் அங்கேயும் முருகன்தான்! அருளொளித் திருமுருகன் ஆலயம். இந்த முறை தப்பிக்க வழியில்லை. உள்ளே போய்க் கும்பிட்டோம்.

இறங்க ரயில் இருந்தது. 1923 முதல் ஓடும் ரயில். ஆனால் வரிசை நீளம், மாணவர் கைக்காசு குறைவு. நடந்தே போகலாம், அதுவும் வந்த வழி வேண்டாம், அடிவாரத்தில் 'நிலா வாசல்' என்ற வட்ட வளைவுப் பக்கம் இறங்கும் காட்டுப் பாதையில் போகலாம் என்றேன். ஆம், சொன்னது நான்தான். மணி நாலரை. ஐந்துக்கு மழை பிடித்தது. செம்மண் களிம்பாகி, வேரெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் ஆனது. கடன் வாங்கிக் காசு போட்டு வாங்கிய என் காலணி அடிக்கு ஒரு தரம் வழுக்கியது. சுங்கை பட்டாணிக்காரி மட்டும் ஆடு மாதிரி இறங்கினாள். அவள் போட்டிருந்தது 'அடிடாஸ் கம்போங்', அதாவது அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அவள் பாட்டி பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போகும்போது போட்டது அதுதானாம்.

ஒரு கிளைப் பாதையில் தப்பாகத் திரும்பிவிட்டோம். பினாங்கில் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்ற தைரியம் மரத்தடியில் பலிக்கவில்லை, ஆறரைக்கே இருட்டு. என் கைப்பேசியில் 9 விழுக்காடு. அந்த நேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு வேறு. நான் எடுக்கவில்லை.

குடையும் பாராங்கத்தியுமாக ஒரு சீன அங்கிள் வந்தார். விழுந்த மூங்கிலை வெட்டி வழி விடுவதற்காக வந்தவராம். ஒன்றும் கேட்கவில்லை. "பெலான், பெலான்" (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லி முன்னால் நடந்தார். நிலா வாசலின் வட்ட வளைவு கண்ணில் பட்டதும் கிளந்தான் தோழி அழுதுவிட்டாள். அங்கிள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்: ஏறுவது என்றால் காலை ஏழு மணி, பத்துக்கெல்லாம் வீட்டில் இருக்க வேண்டும். இரவு அம்மாவும் அதையே வேறு விதமாகக் கேட்டாள்: "படிக்கப் போனியா, மலையேறப் போனியா?"

அன்பருக்கு நான் சொல்ல வருவது இதுதான். எங்களிடம் இல்லாதது ஒழுக்கம் அல்ல, விவரம். ஏழு மணி, ரப்பர் சப்பாத்து, கிளம்புமுன் விடுதியில் ஒருவரிடம் எந்த வழி என்று சொல்லிவிட்டுப் போவது, கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்வது. இதையெல்லாம் உள்ளூர்க்காரர் யோசிக்காமலே செய்கிறார்கள், பழக்கம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. புது மாணவர் வரும்போது தமிழ் மன்றத்தார் அன்போடு கோயிலுக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் வாழை இலைச் சாப்பாட்டுக்கும் கூட்டிப்போகிறார்கள். அதோடு ஒரு சனிக்கிழமை, மலை தெரிந்த இரண்டு பெரியவர்களோடு ஜீப் பாதையிலும் நடத்திக் கூட்டிப்போனால் என்ன? 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற மலை இது. தடை போட்டால் பிள்ளைகள் போகாமல் இருக்க மாட்டார்கள்; சொல்லாமல் போவார்கள். என் வகுப்பிலேயே அப்படி மூவர் உண்டு.

அந்த அங்கிளைப் பிறகு இரண்டு முறை பார்த்தோம். இப்போது நாங்களும் ஏழு மணி ஆட்கள். வரும் சனிக்கிழமை ஜார்ஜ்டவுன் அன்பரும் வரலாம். நிலா வாசலுக்கு எதிரே நிற்போம். புதுக் காலணி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
திருச்சி மாணவி,
குளுகோர், பினாங்கு